உட்கார ஓர் இடம்

பிப்ரவரி 3

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். நீயும் நலமென்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இவர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் மோட்டார் அறையில் நின்ற காது இது. நேரில் என்றால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். போனில் உதடு தெரிவதில்லை. போன வாரம் நீ "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டதற்கு நான் "இல்லம்மா, இன்னும் பெய்யல" என்று சொன்னேனாம். உன் வீட்டுக்காரன் சிரித்தான். நீ வேலைக்கு அந்த ஊருக்குப் போனபிறகு அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஓர் அளவு வேண்டும். நீ வசதியாக உட்கார்ந்தால் முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை எத்தனை சென்டிமீட்டர்? செருப்பு இல்லாமல்.

நம் வீட்டு நடையின் கடைசியில் ஒரு ஜன்னல் இருக்கிறதே, செருப்பு அலமாரியும் இஸ்திரி மேசையும் அடைத்துக்கொண்டு நின்றனவே, அந்த இடத்தைக் காலி செய்துவிட்டேன். அகலம் 142, ஆழம் 71. அங்கே நீ புத்தகம் படிக்க ஓர் இருக்கை போடப்போகிறேன். காலை நீட்டிச் சாய்ந்துகொள்ளலாம். பக்கத்தில் புத்தகத் தட்டு. தலைக்கு மேல் விளக்கு.

நீ கிளம்புவதற்கு முதல் நாள் சமையலறையில் நீயும் அவனும் போட்ட சண்டையில் பாதிதான் என் காதில் விழுந்தது. "இந்த வீட்டுல எனக்குன்னு உக்கார ஒரு இடம் இருக்கா?" அது மட்டும் முழுசாக விழுந்தது. யோசித்துப் பார்த்தேன். சோபாவில் இடது மூலை என்னுடையது. வலது மூலை அவனுடையது. நடுவில் மடிக்காத துணி கிடக்கும். நியாயமான கேள்விதான்.

அளவை எழுதி அனுப்பு.

மாமா

*

பிப்ரவரி 11

மாமாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாவது முறை கோபம் வந்தது. மூன்றாவது முறை எது வந்ததென்று சொல்லத் தெரியவில்லை.

இது உங்கள் பிள்ளை சொல்லி எழுதியதா? அவர் சொல்லியிருந்தால் அவரே எழுதட்டும். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊர்க்காரர்களின் கண்ணை உற்றுப் பார்க்கிறவருக்கு என்னிடம் கேட்க ஒரு கேள்விகூடவா இல்லை?

நான் சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை, மாமா. சண்டை போட்டேன். வந்தேன். இரண்டும் அடுத்தடுத்த நாளில் நடந்தன, அவ்வளவுதான். இங்கே புதிதாக இரத்தப் பரிசோதனை ஆய்வகம் திறந்திருக்கிறார்கள். அதை நடத்தப் பழைய ஆள் ஒருத்தர் வேண்டும், வருகிற நவம்பர் வரைக்கும். அனுப்பினார்கள், வந்தேன். ஒரு நாற்காலிக்காக யாராவது வீட்டை விட்டு வருவார்களா?

தயவுசெய்து எதையும் செய்ய வேண்டாம். உங்களுக்கு முதுகு வலி இருக்கிறது. நான் இல்லாத வீட்டில் நான் உட்காரும் இடம் எதற்கு?

இஸ்திரி மேசையை எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள்? கண் முன்னால் இல்லாவிட்டால் அவர் சட்டையைத் தேய்க்கவே மாட்டார்.

43 சென்டிமீட்டர். ஏன் அளந்தேன் என்று கேட்காதீர்கள்.

மருமகள்

*

பிப்ரவரி 24

அன்புள்ள மருமகளுக்கு,

43 வந்து சேர்ந்தது. நன்றி. மெத்தை அழுந்துவதற்கு 4 சேர்த்து 47 வைத்திருக்கிறேன்.

அவன் சொல்லி எழுதவில்லை. அவனுக்குத் தெரியவே தெரியாது. மரக்காரர் பலகையோடு வந்து நின்றபோதுதான் தெரிந்தது. "இது என்னப்பா?" என்றான். சொன்னேன். 

"அவ இடம்னு சொன்னது இடத்த இல்லப்பா."

"அப்ப எத?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி இருக்கேன்?"

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இடம் என்று சொன்னால் இடம்தானே? லிஃப்ட் ஐந்தாம் மாடியில் நிற்கவில்லை என்று யாராவது புகார் சொன்னால் நான் ஐந்தாம் மாடியைத்தான் போய்ப் பார்ப்பேன். ஐந்தாம் மாடி என்றால் மனதில் வேறெதையோ வைத்துச் சொல்கிறார்கள் என்று நினைத்தால் லிஃப்ட் ஓடுமா?

மரக்காரர் நல்ல மனிதர். ஆனால் அவருக்கும் குழப்பம். "படிக்கிறதுக்குன்னு தனியாவா சார்? இருபது வருஷமா இந்த வேலைல இருக்கேன். எல்லாரும் டிவி வைக்கத்தான் பலகை கேப்பாங்க." பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். "மருமக சும்மா படிப்பா" என்றேன். "சும்மாவா?" என்றார். நானும் அதற்கு மேல் விளக்கவில்லை. எனக்கும் விளக்கத் தெரியாது.

இப்போது மூன்று கேள்வி. மறைப்புக்குத் திரை வேண்டுமா, மடக்குக் கதவு வேண்டுமா? வெளிச்சம் இடப்பக்கம் வேண்டுமா, வலப்பக்கமா? விளக்கு மஞ்சளா, வெள்ளையா?

இஸ்திரி மேசை இப்போது உங்கள் படுக்கையறையில். நீ சொன்னது சரி. பத்து நாளாக ஒரே சட்டை.

மாமா

*

மார்ச் 5

மாமாவுக்கு,

அன்று என்ன நடந்ததென்று முழுசாகச் சொல்லிவிடுகிறேன். பாதி கேட்டுவிட்டு முழுப் பலகை போடுகிறீர்களே.

அடுப்பில் பால் வைத்துவிட்டு, நின்றபடியே படித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் ஒன்பது வருடமாக அப்படித்தான் படித்திருக்கிறேன். குக்கர் பக்கத்தில், பால் பக்கத்தில், துணி துவைக்கிற மிஷின் சுற்றி முடிவதற்குள். யாரோ கதவைத் தட்டினார்கள். புத்தகத்தை மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் அதன் மேல் பால் பாத்திரம். அட்டையில் வட்டமாகப் பொத்துப்போயிருந்தது. உங்கள் பிள்ளைதான் இறக்கி வைத்திருந்தார். பால் பொங்காமல் காப்பாற்றிய சந்தோஷம் முகத்தில்.

"என்ன இது?" என்றேன்.

"ஏன், புத்தகம்தானே?" என்றார்.

அதற்குப் பிறகு நான் கத்தியதெல்லாம் எனக்கே சரியாக ஞாபகமில்லை. இடம் என்று நான் சொன்னது நிஜமாகவே உட்கார இடத்தையா, வேறு எதையாவதா? வந்து நான்கு மாதமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் புரிந்துகொண்டதுதான் சரியோ என்றுகூட ஒரு நாள் தோன்றியது. மறுநாள் அது மடத்தனமாகத் தெரிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எனக்கு ஒரு தனி அறை. ஜன்னலுக்குக் கீழே மரம். ஐந்து மணிக்கு ஆய்வகத்திலிருந்து வந்தால் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. பன்னிரண்டு புத்தகம் கொண்டுவந்தேன். ஒன்றைக்கூட முடிக்கவில்லை. மூன்றாம் பக்கம் போனதும் யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கிறது. எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன். யாருமில்லை. திரும்பி வந்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அவ்வளவு பேர் கூப்பிட்ட இடத்தில் வருடத்துக்கு முப்பது புத்தகம் படித்தவள் நான். இதை என்னவென்று சொல்வது?

உங்கள் கேள்விகளுக்கு: கதவு வேண்டாம். திரையும் வேண்டாம். எதுவுமே வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

இடப்பக்கம். மஞ்சள்.

மருமகள்

*

மார்ச் 22

அன்புள்ள மருமகளுக்கு,

வேலை முடிந்துவிட்டது. வார்னிஷ் வாசனை போக ஒரு வாரம் விட்டேன். எந்த வேலையையும் ஓட்டிப் பார்க்காமல் நான் ஒப்படைத்ததில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நானே உட்கார்ந்தேன். உன் புத்தகத்தைத்தான் எடுத்தேன், அட்டையில் வட்டம் விழுந்த அதே புத்தகம். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கிற ஒருத்தன் கதை. முதல் பக்கத்திலேயே விளக்கு பழுதாகிவிட்டது. சரி, நமக்குத் தெரிந்த விஷயம் என்று உற்சாகமாக ஆரம்பித்தேன்.

நான்கு ஐந்துக்கு உன் வீட்டுக்காரன் வந்து தோளைத் தட்டினான். "அப்பா, நகவெட்டி எங்க?" சொன்னேன். நான்கு பத்துக்கு மறுபடியும். "அங்க இல்லையே." எழுந்து போய் எடுத்துக் கொடுத்தேன். நான்கு பதினெட்டுக்குக் கீழ் வீட்டு அம்மா ஏணி கேட்டு வந்தார். நான்கு இருபத்தைந்துக்குப் பார்சல்காரர். அப்புறம் மறுபடியும் இவன் வந்து நின்றான். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா, எங்க இருக்கீங்கன்னு பாத்தேன்."

நாற்பது நிமிடம். ஒரே பக்கம். விளக்குப் பழுது அப்படியே இருக்கிறது.

எனக்கு அவன் மேல் அப்படி ஒரு கோபம். கத்தப் போனேன். வாயைத் திறந்தபோதுதான் ஒன்று உறைத்தது. நீ இருந்தபோது இந்த வேலையைச் செய்ததெல்லாம் யார்? நகவெட்டி அவன் கேட்பான். மற்றதெல்லாம் நான். "அம்மா, கண்ணாடியப் பாத்தியா?" "அம்மா, யாரோ கதவத் தட்டுறாங்களா?" "அம்மா, டிவில அவன் என்ன சொல்றான்?" கதவு, போன், குக்கர் விசில், தெருவில் யாராவது கூப்பிட்டால், எல்லாவற்றுக்கும் உன்னைத்தானே கேட்டேன். எனக்குக் காதாக இருந்தது நீ. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இருக்கும். ஒன்பது வருடம். பெருக்கிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

நாங்கள் லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் ஒவ்வொரு மாடியிலும் "வேலை நடக்கிறது" என்று பலகை மாட்டிவிட்டுத்தான் இறங்குவோம். யாரும் பொத்தானை அமுக்கக் கூடாது. அமுக்கினால் உள்ளே இருப்பவன் உயிருக்கு ஆபத்து. புத்தகத்தோடு இருப்பவளும் ஒரு வேலைக்குள் இறங்கியிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்படியானால் நான் இந்த இருக்கையைப் போட்டது தப்பா? போட்டுவிட்டு நானே வந்து "அம்மா, கண்ணாடி எங்க?" என்று கேட்கத்தானே போகிறேன்? மரவேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இது ஓடுமா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மாதிரி ஒரு வேலையை நான் செய்ததே இல்லை.

மாமா

*

ஏப்ரல் 2

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்துப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. சக ஊழியர் ஒருவர் வந்து, "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இல்லை, எங்கள் மாமா ஒரு பலகை போட்டிருக்கிறார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

நீங்கள் அவ்வளவு நேர்மையாக எழுதிய பிறகு நான் பொய்யை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. என்னை யாரும் இங்கே அனுப்பவில்லை. கூட்டத்தில், "புதுக் கிளைக்கு யாராவது விருப்பப்பட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்கள். இருபத்தாறு பேர் குனிந்து தரையைப் பார்த்தார்கள். என் கை மேலே போயிருந்தது. போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்தப் பால் பாத்திரத்துக்கு ஒரு வாரம் முன்பு நடந்தது இது. அதனால் அந்தச் சண்டையால் வந்தேன் என்றும் சொல்ல முடியாது. ஒருவேளை, கை தூக்கிவிட்டேனே என்ற குற்ற உணர்ச்சியில்தான் அன்று அத்தனை சத்தம் போட்டேனோ?

நீங்கள் கெட்டவர்கள் இல்லை. இரண்டு பேருமே இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது, இங்கேயே நிரந்தரமாக இருக்கிறாயா என்று கேட்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். காலையில் முடியாது என்று தோன்றுகிறது, மத்தியானம் சரி என்று தோன்றுகிறது.

இதை அவரிடம் சொல்ல வேண்டாம். நானே சொல்கிறேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

மருமகள்

*

ஏப்ரல் 13

அன்புள்ள மருமகளுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். இந்தக் கடிதம் வருவதற்குள் அவனே அங்கு வந்திருப்பான்.

நான் சொல்லவில்லை. ஆனால் உன் கடிதங்களையெல்லாம் ஜன்னலோரத் தட்டில், புத்தகங்களுக்கு நடுவில் வைத்திருந்தேன். மூன்று வாரமாக அவன் கடையிலிருந்து வந்ததும் அங்கேதான் உட்காருகிறான். உன் புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்துவைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கடிதங்களை ஏன் வேறிடத்தில் வைக்கவில்லை என்று நீ கேட்பாய். மறதி என்று சொல்லலாம். சொல்ல மனம் வரவில்லை.

இன்று காலை எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு வந்தான். "ஏம்பா, இத்தனையும் உங்ககிட்ட எழுதியிருக்கா. என்கிட்ட ஒரு வரி எழுதல."

"நீ எழுதினியாடா?"

"என்னத்த எழுதுறது?"

"நான் முழங்கால் உயரம் கேட்டு எழுதினேன்."

அவனுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு சத்தம் வந்தது. பிறகு பையில் இரண்டு சட்டையைப் போட்டான். இரண்டையும் தேய்த்தான், அதைப் பார்த்தேன். வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். முகம் தெரியாததால் எனக்குப் பிடிபடவில்லை. "கூட்டிட்டு வரேன்" என்றானா, "கூட இருந்துட்டு வரேன்" என்றானா? காலையிலிருந்து இதே யோசனை. முதலாவதென்றால் சண்டை வரும். இரண்டாவதென்றால் நான் அரிசி எத்தனை டம்ளர் போடுவது?

என் மேல் கோபப்படு. அவன் மேல் வேண்டாம்.

மாமா

*

ஏப்ரல் 21

மாமாவுக்கு,

கோபம்தான். இரண்டு நாள் இருந்தது. இப்போது தேடினால் கிடைக்கவில்லை.

அவர் வந்தபோது நான் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டார். ஒன்பது வருடத்தில் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. "செருப்ப அங்க விடுங்க" என்றேன்.

இங்கே ஒரே ஒரு நாற்காலி. அவர் தரையில் உட்கார்ந்தார்.

"நீயாதான் கை தூக்குனியா?"

"ஆமா."

"எங்கள விட்டுப் போகணும்னா?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியல."

நான் அழுவேன் என்று நினைத்தேன். அவர்தான் அழுதார். பிறகு சுவரோரம் அடுக்கியிருந்த பன்னிரண்டு புத்தகத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, "இதுல எது நல்லாருக்கும்?" என்று கேட்டார். எதையும் படிக்கவில்லை என்றேன். நம்பவில்லை. நான் புத்தகம் படிக்காமல் இருப்பேன் என்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. என்னை அவர் கவனிக்கவே இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதுவும் சரியில்லை போல.

மூன்று நாள் இருந்தார். நான் வேலைக்குப் போய் வந்தேன். இரண்டாம் நாள் மாலை அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு புத்தகத்தைத் திறந்தேன். அவர் ஒரு தடவையும் கூப்பிடவில்லை. உப்பு எங்கே என்று கேட்காமல், உப்பே போடாமல் சமைத்துவிட்டார். நாற்பத்தொரு பக்கம் படித்தேன், மாமா.

நிரந்தரம் வேண்டாம், நவம்பரில் திரும்பிவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் வந்ததால் அல்ல. உங்கள் பலகையால் அல்ல. பிறகு எதனால் என்றால், கை தூக்கியதற்கே காரணம் தெரியாதவள் இதற்கு எங்கே போவேன்? மாதம் இரண்டு தடவை அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மே மாதம் எனக்கு மூன்று நாள் விடுமுறை. நான் அங்கே வருகிறேன்.

வாசலில் என்ன சொன்னார் என்று கேட்டேன். நீங்கள் எழுதிய இரண்டும் இல்லையாம். "கதவ பூட்டிட்டு இருங்க, வரேன்" என்றாராம்.

மருமகள்

*

மே 19

அன்புள்ள மருமகளுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று அவன் சொன்னான். என் பக்கத்தை எழுதுகிறேன். போகும்போது நீ கத்திய கத்தில் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

முதல் இரண்டு நாளும் நீ அந்த இருக்கைப் பக்கம் வந்து உட்காரவே இல்லை. தொட்டுப் பார்த்தாய். "நல்லாருக்கு மாமா" என்றாய். காய்ந்த துணியைக் கொண்டுவந்து அதன் மேல் போட்டாய்.  கேட்கவில்லை. கேட்பதில்லை என்று நானும் அவனும் நீ வருவதற்கு முன்பே பேசி வைத்திருந்தோம். இரண்டு நாளும் என் கண்ணாடியை நானே தேடினேன்.

மூன்றாம் நாள் சாப்பிட்டதும் துணியை எடுத்துவிட்டு நீ உட்கார்ந்தாய். புத்தகத்தைத் திறந்தாய். நானும் அவனும் சமையலறையிலிருந்து பார்த்தோம். நான் சத்தமில்லாமல் ஸ்டூலில் ஏறி அழைப்பு மணியின் வயரைக் கழற்றினேன். அவன் குக்கரை அணைத்தான். அரை மணி கழித்து எட்டிப் பார்த்தால் நீ தூங்கிக்கொண்டிருக்கிறாய். புத்தகம் உன் நெஞ்சின் மேல்.

நான்கரைக்கு உன் பஸ். மூன்றே முக்காலுக்கு அவன் கையால் ஜாடை காட்டினான், எழுப்பலாமா என்று. நான் வேண்டாம் என்றேன். நான்கு மணிக்கு நான் காட்டினேன். அவன் வேண்டாம் என்றான். இரண்டு பேரும் நடையில் செருப்பில்லாமல் நின்றோம். கூப்பிட்டால் தப்பு, கூப்பிடாவிட்டால் பஸ் போய்விடும். ஐந்து பத்துக்கு நீயே எழுந்தாய். கடிகாரத்தைப் பார்த்தாய். பிறகு நீ சொன்னது எதுவும் என் காதில் விழாமல் இல்லை.

எங்களை மன்னித்துவிடு. எப்போது கூப்பிடுவது, எப்போது கூப்பிடாமல் இருப்பது என்பது எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

மாமா

*

மே 27

மாமாவுக்கு,

"ரெண்டு தடிமாடு வீட்ல நின்னுக்கிட்டு, ஒருத்தருக்குக்கூட வாய் இல்லையா?" என்று நான் கேட்டது தப்பு. உங்களையும் சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாது. ஏழு மணி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, நீங்கள் இருவரும் வெறுங்காலோடு நடையில் நின்ற கோலம் நினைவுக்கு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். அங்கே நான் படித்தது இரண்டே பக்கம். நீங்கள் இரண்டு மாதம் பாடுபட்டுப் போட்ட இடத்தில் குறட்டை விட்டிருக்கிறேன். பகலில் கடைசியாக எப்போது தூங்கினேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. அது நல்லதா கெட்டதா, அந்த இடம் என்னுடையதா உங்கள் பிள்ளையுடையதா, நவம்பரில் வந்து அங்கே படிப்பேனா தூங்குவேனா, எதுவும் இப்போது சொல்வதற்கில்லை.

மணியின் வயரைத் திரும்ப மாட்டுங்கள். குக்கர் பாட்டுக்கு விசில் அடிக்கட்டும். கண்ணாடியை நீங்களே தேடி, கிடைக்காமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு நாள் நடமாடியதை நான் பார்த்தேன். அது டிவிக்குப் பின்னால் இருந்தது. எனக்குத் தெரியும். நீங்கள் கேட்கட்டும் என்று காத்திருந்தேன்.

கூப்பிடுங்கள், மாமா. இருபது தடவை வேண்டாம். ஒரு நாளைக்கு ஏழு எட்டுத் தடவை என்றால் பரவாயில்லை.

மருமகள்